கோலத்தில் விழுந்த பந்து

பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும் தரையில் ஒரு பெரிய வண்ணக்கோலம். அதன் நடுவில் உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பந்து. கோலத்தின் ஓரத்தில், கையில் மர மட்டையோடு இரண்டு பத்தாம் வகுப்புப் பெண்கள். குறுக்கே கட்டிய வலைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர். பந்து ஒருமுறை எம்பியது. மறுபடியும் எம்பியது. அப்புறம் மெல்ல உருண்டு ஒரு தாமரை இதழின்மேல் போய் நின்றது. ஒருத்தியும் அசையவில்லை.

நாற்காலியில் கல்வி அதிகாரி. பக்கத்து நாற்காலியில் எங்கள் தலைமை ஆசிரியை. பின்னால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள். வாயில் விசிலோடு நான். அதை ஊதவும் தோன்றவில்லை, எடுக்கவும் தோன்றவில்லை.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காட்சியை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. பின்னாலேயே சிரிப்பு வருகிறது. போன வாரம் நான் எழுதிய கோ-கோ கம்பம் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்க எல்லாத்துக்கும் கோபப்படறீங்களே" என்று குறைப்பட்டிருந்தார். பி.டி. டீச்சர் கோபப்படாமல் பின்னே யார் கோபப்படுவது? பாட்டு டீச்சரா?

அந்தப் பந்து அங்கே எப்படி வந்தது, அந்தக் கோலம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் கோபத்தின் நியாயம் புரியும்.

வேப்பமரத்தடியில் ஒரு பீரியட்

மாவட்டம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தார். நான் ஊருக்குள் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

உடற்கல்வி ஆசிரியை என்றால் உடம்புக்கும் கல்விக்கும் மட்டும்தான் பொறுப்பு என்று நினைத்துதான் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பிரேயரில் வரிசை கலைந்தால் நான். மயங்கி விழுந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டுமென்றால் நான். கேட்டுக்கு வெளியே ஐஸ்காரன் வண்டியை நகர்த்த மாட்டேன் என்றாலும் நான். கார்த்திகை தீபம் வந்தால் பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்களைப் பள்ளியில் தங்க வைப்பார்கள். அந்த நாட்களில் என் பூப்பந்து வலையில் காக்கிச் சட்டை காயும். தீபம் முடிந்து பள்ளி திறந்தால் வலையில் சோப்பு வாசனை ஒரு வாரம் போகாது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் பிரச்சினையே இல்லை. விசில் ஊதினால் ஓடுவார்கள், ஊதாவிட்டாலும் ஓடுவார்கள். ஒன்பதாவது, பத்தாவதுதான் தகராறு. அப்போது பெரிய பெண்களுக்குப் பாவாடை தாவணிதான் சீருடை. தாவணி போட்ட மறுநாளே பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கபடி ஆடச் சொன்னால் தாவணி அவிழ்ந்துவிடும் என்பார்கள். ஓடச் சொன்னால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் நிற்கிறார்கள் என்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத நாளில் தலைவலி என்பார்கள். நானோ கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடியவள். இவர்கள் ஒருத்தருக்கொருத்தர் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கடன் கேட்க மற்ற டீச்சர்கள் வருவது இயற்கைதானே. அதிலும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் தலைமை ஆசிரியையே. ஹெச்.எம். அம்மா என்போம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வாயல் புடவை, அதிர்ந்து பேசாத குரல். உலகத்தில் அவருக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பத்தாம் வகுப்பின் தேர்ச்சி. இன்னொன்று, பள்ளியின் சிவப்புத் தரை போட்ட நீள வராந்தா. வாராவாரம் ஆயா அதைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பார். அதில் மண் காலோடு ஒரு பிள்ளை ஏறிவிட்டால் ஹெச்.எம். அம்மா அந்தப் பிள்ளையைத் திட்ட மாட்டார். என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்.

சுவரோடு சண்டை போட்டவர்

ஒரு சாயங்காலம் செங்கம் ரோட்டுப் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் தெரு ஒன்றிலிருந்து டக், டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா ஒருவர், வெள்ளைச் சுடிதாரும் வெறுங்காலுமாக, மதில் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தார். கையில் டேபிள் டென்னிஸ் மட்டையைப் போலப் பெரிதாக ஒரு மர மட்டை. சுற்றிலும் தெருப் பிள்ளைகள். பக்கத்து வீட்டு ஆடு ஒன்றும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நானும் நின்றேன். அவர் என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தானும் இதைத்தான் ஆயுள் முழுக்கக் கழுத்தில் மாட்டியிருந்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் டாரத்தி. வருஷாவருஷம் குளிர் மாதங்களில் இங்கே வருவாராம். காலையெல்லாம் கண்ணை மூடி மௌனமாக உட்காருவார். சாயங்காலம் மட்டும் சுவரோடு சண்டை.

அவர் மட்டையை என்னிடம் கொடுத்தார். ஒரு அடி அடித்தேன். பந்து நான் நினைத்ததைவிட மெதுவாகப் போய், நான் நினைத்ததைவிட மெதுவாகத் திரும்பி வந்தது. எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. இந்த ஆட்டத்துக்கு ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், தாவணி அவிழாது.

அவர்கள் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவார்களாம். ஷட்டில் கோர்ட் அளவு இடம் போதும். வலை இடுப்பு உயரம். ஆட்டத்தின் பெயர் பிக்கிள்பால். அந்தப் பெயர் ஏன் என்று கேட்டேன். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எதை நம்புவதென்று தனக்கே தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஊறுகாய்ப் பந்தா?" என்று கேட்டார். மறுநாள் பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். ஹெச்.எம். அம்மாவும் அதையேதான் கேட்டார், சிரிக்காமல்.

டாரத்தியிடம் இருந்தவை நாலு மட்டைகள். மற்றதை ஊருக்குள் ஒரு தச்சரிடம் பிளைவுட்டில் செய்யச் சொன்னேன். முதலில் அவர் செய்து கொடுத்தவை சல்லடை அளவுக்கு இருந்தன. அதை வைத்துக்கொண்டு யாராலும் தோற்க முடியாது. திரும்பக் கொடுத்து இழைக்கச் சொன்னேன். பந்து இன்னும் கஷ்டம். டாரத்தி கொண்டுவந்த பந்துகள் நம் வெயிலில் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. தீபத் திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பந்துகளை வாங்கி, கம்பியைக் காய்ச்சி நானே ஓட்டை போட்டேன். பி.டி. ரூமில் அடித்த தீய்ந்த நாற்றத்துக்கும் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

மோந்து ஊத்தற சர்வீஸ்

மண்ணில் அந்தப் பந்து எம்பவில்லை. அதனால் பிரேயர் நடக்கும் சிமெண்ட் தரையைக் கோர்ட்டாக்கினேன். பெயிண்ட் டின்னில் சிமெண்ட் கொட்டி நட்ட இரண்டு கம்புகள்தான் வலைக்குக் காவல்.

முதல் நாள் டாரத்தி வந்து சர்வீஸ் போடுவது எப்படி என்று விளக்கினார். இடுப்புக்குக் கீழே மட்டை, கீழிருந்து மேலே வீச்சு, மணிக்கட்டு இறுக்கம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளைகள் அவருடைய பூனைக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்டாவுல தண்ணி மோந்து தூரத்துல இருக்கற செடிக்கு வீசி ஊத்துவீங்க இல்ல? அதாண்டி இது."

அவ்வளவுதான். வரிசையாக எல்லாப் பந்துகளும் வலையைத் தாண்டிப் போயின. தண்ணீர் மோந்து ஊற்றாத பெண் எங்கள் பள்ளியில் யார் இருந்தார்கள்?

அடுத்தது பொறுமை. வருகிற பந்தை உடனே அடிக்கக் கூடாது, ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஒருமுறை தரையில் எம்ப விட வேண்டும். இது பர்வீனுக்குப் பெரிய தண்டனை. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். எந்தக் கேள்வியையும் முடிக்க விடாமல் பதில் சொல்லிவிடுவாள். பந்தையும் அப்படித்தான், வரும் வழியிலேயே மறித்து அடிப்பாள்.

மூன்றாவதுதான் நுணுக்கம். வலைக்கு அந்தப் பக்கம், வலையை ஒட்டி, பந்தைத் தொட்டும் தொடாமலும் போட வேண்டும். எதிராளி ஓடிவந்து எடுப்பதற்குள் அது செத்துவிழ வேண்டும். தூங்குகிற குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி என்று சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் குழந்தையை எழுப்பிவிட்டார்கள். முதல் நாளே அதைச் சரியாகச் செய்தவள் தேன்மொழி.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்பிலேயே உயரம் அவள்தான். உயரத்தை மறைக்கக் கூன் போட்டுத்தான் நடப்பாள். வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, தினமும் வாசலில் இழை இழையாகக் கோலம் இழுத்த கை. பந்து வலைக்கு மேல் ஒரு நூல் இடைவெளியில் போய் அந்தப் பக்கம் அப்படியே விழும். டாரத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வலைக்கு இரண்டு பக்கமும் ஏழடி இடம் ஒன்று உண்டு. அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. தரையில் விழுந்து எம்பிய பந்தானால் உள்ளே போய் எடுக்கலாம், எடுத்ததும் வெளியே வந்துவிட வேண்டும். அந்த இடத்தை அவர்கள் ஊரில் சமையலறை என்று சொல்வார்களாம். எங்கள் பிள்ளைகள் அடுப்பங்கரை என்றார்கள். இங்கேயும் அடுப்பங்கரைதானா என்று பர்வீன் முகத்தைச் சுளித்தாள். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் தப்பாட்டம் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இது நல்ல ஆட்டம் டீச்சர்" என்றாள்.

கோடு போடச் சுண்ணாம்பு சரிப்படவில்லை, வெறுங்காலில் எரிந்தது. தேன்மொழி ஒரு கொட்டாங்குச்சியில் கோலமாவு கொண்டுவந்தாள். கயிறு இல்லாமல், அளவுகோல் இல்லாமல், குனிந்து பின்னாலேயே நடந்து ஒரே கோடாக இழுத்தாள். அன்றிலிருந்து கோடு போடுவது அவள் வேலை.

சில மாதங்களில் வேப்பமரத்தடி காலியாகிவிட்டது. தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய பெண்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். மழை வந்து பீரியட் போனால் என் மேல் கோபித்துக்கொண்டார்கள். ஒரு நாள் தேன்மொழி நிமிர்ந்து நிற்பதைக் கவனித்தேன். தலைக்கு மேல் வந்த பந்து ஒன்றை எட்டித் தட்டிவிட்டு, நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே நின்றாள். நான் வாங்கிய கோப்பைகள் எதுவும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கணக்கு

அரைப் பரீட்சை மார்க் வந்தது. ஹெச்.எம். அம்மா கூப்பிட்டார். பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட் எல்லாவற்றையும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசினேன். ஐந்து பாடம் படிக்கிற மூளைக்கு ஒரு உடம்பு வேண்டாமா என்று கேட்டேன். அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான்.

"வெளையாடறாங்க, நான் இல்லன்னு சொல்லல. என்னாத்த கத்துக்கறாங்க? அதச் சொல்லுங்க."

வந்து பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன், கல்வி அதிகாரி வருகிறார், அவர் முன்னால் ஆடிக் காட்டட்டும் என்றார். இதுவும் ஒரு பாடம்தான் என்று தனக்குத் தோன்றினால் பீரியடைத் தொட மாட்டாராம். தோன்றாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து கணக்கு.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். கணக்கு ஜாஸ்தி, காத்து கம்மி என்று பர்வீன் பெருமூச்சு விட்டாள். கலைந்து போகும்போது தேன்மொழி மட்டும் பின்தங்கி நின்றாள்.

"போயிடுமா டீச்சர்?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. போகாது என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அதட்டலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

பளிச்சென்று ஒரு கோர்ட்

இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் விளையாட்டு விழா வேலையாக நான் வேங்கிக்கால் வரை போக வேண்டியிருந்தது. தரையைக் கூட்டி, கோர்ட்டைப் பளிச்சென்று போட்டு வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். பளிச்சென்று என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

காலையில் வந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. முதல் பஸ்ஸுக்கே வந்து போட்டிருக்கிறார்கள். சுற்றுக்கோடுகள் வெள்ளை வெளேரென்று. வலைக்கு இரண்டு பக்கமும், அந்த ஏழடி அடுப்பங்கரை நெடுகிலும், சிக்குக் கோலம். நடுநடுவே சிவப்பும் மஞ்சளுமாகத் தாமரைகள். தேன்மொழியின் பத்து விரலிலும் பத்து நிறம். மற்றப் பெண்கள் கலர் தூவ, கோலத்தை இழுத்தது முழுக்க அவள்.

எனக்கு வாயெல்லாம் பல். ஹெச்.எம். அம்மா என்னிடம் பி.டி. ரூம் சாவி வாங்க வந்தவர் நின்று பார்த்து, "நல்லா இருக்குங்களே" என்றார். என் பக்கத்திலிருந்து போன எதையும் அவர் அப்படிச் சொன்னது கிடையாது. டாரத்தி கேமராவோடு வந்து சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். இத்தனை பேர் பார்த்தோமே, ஒருத்தர் மண்டையிலாவது உறைத்ததா?

கல்வி அதிகாரி கலகலப்பான அம்மா. என்ன ஆட்டம் என்று ஆர்வமாக விசாரித்தார். பர்வீனும் ஒருத்தியும் அந்தப் பக்கம், தேன்மொழியும் ஒருத்தியும் இந்தப் பக்கம். சர்வீஸ் பிரமாதம். பந்தை எம்பவிட்டு அடித்தது பிரமாதம். அதிகாரி தலையாட்டினார். நான் ஹெச்.எம். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது பர்வீன், அத்தனை மாதம் நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை முதல்முறையாக மிகச் சரியாகச் செய்தாள். பந்தை மெல்லத் தொட்டு வலைக்கு இந்தப் பக்கம் வைத்தாள். அது கோலத்தில் விழுந்தது. தேன்மொழியும் அவள் ஜோடியும் ஓடிவந்து கோலத்தின் விளிம்பில் கால்விரலை ஊன்றி நின்றுவிட்டார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் காட்சி.

சரி, தடுமாற்றம் என்று நினைத்தேன். அடுத்த முறை தேன்மொழி பர்வீன் பக்கம் போட்டாள். பர்வீனும் விளிம்பில் நின்றாள். அதற்கு அடுத்ததும் அப்படியே. கோலத்தில் விழுந்த பந்தை யாருமே எடுக்கவில்லை. அதிகாரி புரிந்துவிட்ட திருப்தியோடு என் பக்கம் சாய்ந்தார். கோலத்தில் பந்து விழுந்தால் பாயிண்ட், அப்படித்தானே என்று கேட்டார்.

"உள்ள போங்கடி" என்று கத்தினேன்.

பர்வீன் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "கோலம் டீச்சர்."

"தெரியுது. மிதி."

"எப்படி டீச்சர் மிதிக்கறது? எங்க தெருவுல யார் வீட்டுக் கோலத்தயும் நான் மிதிச்சதில்ல."

இவர்களோடு பேசிப் பிரயோஜனமில்லை, நானே போய்க் காட்டுகிறேன் என்று விறுவிறுவென்று நடந்தேன். கோலத்தின் ஓரம் வரை போனேன். தூக்கிய கால் தூக்கியபடி நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. இழையெல்லாம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கடைசியில் பர்வீனின் மட்டையைப் பிடுங்கி, எட்டி, குனிந்து, பந்தை வெளியே வழித்தெடுத்தேன். வராந்தாவே சிரித்தது. டாரத்தி என் காதருகே வந்து இது என்ன புது விதி என்று கேட்டார். அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.

ஹெச்.எம். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை தெரிந்தது எனக்கு.

"டீச்சர், நான் போட்டதுதானே."

யார் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. தேன்மொழி.

"தினமும் காலைல போடறதுதானே. சாயந்திரத்துக்குள்ள எப்படியும் போயிடும். நாளைக்கு வேற போட்டுக்கலாம்." சொல்லிவிட்டு வலைக்கு அந்தப் பக்கம் திரும்பினாள். "போடுடி பர்வீன்."

பர்வீன் போட்டாள். பந்து தாமரையில் விழுந்தது. தேன்மொழி பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். குனிந்து, பொட்டு வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் வைத்தாள். அவள் இறங்கிய பிறகு பர்வீனுக்கும் கால் வந்தது. அப்புறம் நாலு பேரும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, பந்து வலைக்கு மேல் தவழ்ந்தது. யாரும் ஓங்கி அடிக்கவில்லை. தாமரைகள் கலைந்தன, சிவப்பும் மஞ்சளும் கலந்து தரையெல்லாம் ஒரு நிறம். சிரித்த வராந்தா எட்டி எட்டிப் பார்த்தது. பந்து கடைசியில் வலையில் சிக்கியபோது அதிகாரி எழுந்து நின்றிருந்தார்.

அவர் தேன்மொழியைக் கூப்பிட்டு ஆட்டத்தை விளக்கச் சொன்னார். இவளையா கேட்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். ஏழடி எதற்கு, எம்பிய பந்துக்கு மட்டும் ஏன் உள்ளே போகலாம், ஓங்கி அடிப்பதைவிட மெல்ல வைப்பது ஏன் கஷ்டம், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, திக்காமல் சொன்னாள். எந்தக் கோணத்தில் போட்டால் எதிராளிக்குத் தூரம் அதிகம் என்று தரையில் கால் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

ஹெச்.எம். அம்மா என் பக்கம் குனிந்தார். வருஷம் முழுக்க அவளுக்குக் கணக்கு எடுத்தவர்.

"இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார்.

சிவப்புத் தரை

அதிகாரியின் ஜீப் கிளம்பவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்த பீரியட் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. ஹெச்.எம். அம்மா வகுப்புக்கு லேட்டாகப் போகும் துணிச்சல் எவளுக்கும் கிடையாது. கால் கழுவக்கூட நிற்காமல் ஓடினார்கள்.

நான் வலையைச் சுருட்டிக்கொண்டு வராந்தாப் பக்கம் வந்து பார்த்தேன். பளபளவென்று இருந்த அந்தச் சிவப்புத் தரையில், படி ஏறிய இடத்திலிருந்து பத்தாம் வகுப்பு வாசல் வரைக்கும், வெள்ளையும் மஞ்சளுமாகக் காலடிகள். விரல் விரலாகப் பதிந்திருந்தன. ஆயா ஏற்கனவே வாளியும் துணியுமாக வந்து நின்றிருந்தார். கணக்குப் புத்தகமும் சாக்பீஸ் டப்பாவுமாக ஹெச்.எம். அம்மா அவருடைய அறையிலிருந்து வெளியே வந்தார்.

நான் சண்டைக்குத் தயாரானேன். என்ன சொன்னாலும் இன்று விடுவதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"கிருஷ்ண ஜெயந்திக்குப் போட்ட மாதிரி இருக்குதுங்கம்மா" என்றார் ஆயா. "தொடச்சிடட்டுங்களா?"

ஹெச்.எம். அம்மா தரையைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அதே குரலில், "உங்க பீரியடும் இருக்கட்டும்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். அவர் நிற்கவில்லை. ஒரு கையில் புத்தகத்தை அணைத்து, மறு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார். சுவரை ஒட்டி, இருந்த கொஞ்ச இடத்தில் பக்கவாட்டில் அடி வைத்து, ஒரு காலடியைக்கூட மிதிக்காமல், பத்தாம் வகுப்பு வரைக்கும் நடந்து போனார்.